மனித இயல்பு பிறப்பிலா, வளர்ப்பிலா? "50 சதவீதம் பரம்பரை" என்பதற்கு என்ன பொருள்?

இளவேனில்:

வணக்கம். பி.எட். மாணவர்களுக்கு ஒரு விவாத அரங்கு ஏற்பாடு செய்கிறோம். தலைப்பு பழையதுதான்: மனிதனை உருவாக்குவது உடலியலா, சமூகமா? இரண்டு அணிகளும் தந்த குறிப்புகளைப் பார்த்தேன். உடலியல் அணி "நுண்ணறிவில் 50 சதவீதம் பரம்பரை" என்ற ஒற்றை வரியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. சமூக அணியின் முழு ஆதாரமும், வங்காளத்தின் மேதினிப்பூரில் ஓநாய்கள் வளர்த்ததாகச் சொல்லப்படும் சிறுமிகள் அமலா, கமலா கதைதான்.

அந்த 50 எப்படி வருகிறது? ஒரு மாணவரின் ஐ.க்யூ. 100 என்றால் 50 பெற்றோர் கொடுத்தது, 50 பள்ளி கொடுத்தது என்று கொள்ளலாமா? அமலா, கமலாவை ஆதாரமாக வைக்கலாமா, கூடாதென்றால் அந்த இடத்தில் எதை வைப்பது? இன்னொரு மாணவர், "மனிதன் இயல்பிலேயே சுயநலக்காரன், சமூகம்தான் அவனை அடக்கி வைக்கிறது" என்று அடித்துப் பேசுகிறார். இதைச் சோதிக்க ஏதும் வழி இருக்கிறதா? "இரண்டும் சேர்ந்ததுதான்" என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். எப்படிச் சேர்கிறது என்பதுதான் மாணவர்களுக்குப் புரிய வேண்டும்.

ஒட்டுறவு:

அப்படிப் பாதி பாதியாகப் பிரிக்கவே கூடாது. ஹெரிட்டபிலிட்டி என்கிற அந்த எண் தனி ஆளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஒரு குறிப்பிட்ட மக்கள் கூட்டத்தில், குறிப்பிட்ட காலத்தில், ஆளுக்கு ஆள் தெரிகிற வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது என்பதை மட்டும்தான் அது அளக்கிறது.

மாணவர்களுக்குக் கைவிரலைக் காட்டுங்கள். கையில் ஐந்து விரல் முளைப்பது முழுக்க மரபணுக்களின் வேலை. ஆனால் ஓர் ஊரில் ஐந்துக்குக் குறைவான விரல் உள்ளவர்களை எடுத்தால், பெரும்பாலோர் இயந்திரத்திலோ விபத்திலோ இழந்தவர்கள். வேறுபாட்டுக்குக் காரணம் சூழல் என்பதால், விரல் எண்ணிக்கையின் ஹெரிட்டபிலிட்டி ஏறக்குறைய பூஜ்யம். மறுபக்கம், சேலை கட்டுகிறவர் யார், கட்டாதவர் யார் என்ற வேறுபாடு எக்ஸ், ஒய் குரோமோசோம்களோடு மிக நெருக்கமாக ஒத்துப்போகும். அதற்காகச் சேலைக்கு ஒரு ஜீன் இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எண் பெரிதாக இருப்பதால் அது உடலியல் என்றோ, சிறிதாக இருப்பதால் சமூகம் என்றோ முடிவு கட்ட முடியாது என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

இனி கணக்கு. ஒரு கரு இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறத்தாழ முழுதும் பொது. இரு கரு இரட்டையருக்கு, ஆளுக்கு ஆள் மாறுபடும் மரபணுக்களில் சராசரியாகப் பாதி பொது. இரண்டு வகை ஜோடிகளிலும் ஐ.க்யூ. எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒட்டுறவுக் கெழு எடுக்கிறார்கள். பூஷார்டும் மெக்யூவும் 1981இல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது கிடைத்தவை ஒரு கரு ஜோடிகளுக்கு 0.86, இரு கரு ஜோடிகளுக்கு 0.60 (முழு ஒற்றுமை என்றால் 1). வித்தியாசம் 0.26. இரு வகைக்கும் இடையே மரபணுப் பொதுமையில் பாதிதான் வித்தியாசம் என்பதால் அதை இரட்டிப்பாக்கினால் 0.52, இதுதான் மரபுப் பங்கு, நீங்கள் கேட்ட அந்த 50 சதவீதம். 0.86இல் 0.52 போனால் 0.34, இது ஒரே வீட்டில் வளர்ந்ததன் பங்கு. ஒன்றிலிருந்து 0.86 போனால் மிஞ்சுவது 0.14, ஆளுக்கு ஆள் தனித்தனியாக நேர்ந்தவை, அளவீட்டுப் பிழை எல்லாம் இதற்குள் அடங்கும். இந்தக் கடைசிப் பகுதியை "நண்பர்கள், ஆசிரியர்கள்" என்று மட்டும் விளக்குவது தவறு. தேர்வன்று அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்தாலும் அது இங்கேதான் வந்து விழும்.

எங்கே சறுக்கும்? ஒரு கரு இரட்டையரைப் பெற்றோரும் ஆசிரியரும் இன்னும் ஒரே மாதிரி நடத்தினால், அந்த ஒற்றுமையும் மரபின் கணக்கில் ஏறிவிடும். படித்தவர் படித்தவரையே மணக்கும் சமூகத்தில் இரு கரு இரட்டையரின் பொதுப் பங்கு பாதியைத் தாண்டும்; அங்கே மரபுப் பங்கு குறைவாகவும் வீட்டின் பங்கு கூடுதலாகவும் காட்டும். ஆண்-பெண் இரட்டையரை இரு கரு ஜோடிகளோடு கலந்தால் அந்த ஒட்டுறவு இறங்கி, மரபுப் பங்கு பொய்யாக உயரும். முகச்சாயலை மட்டும் பார்த்து வகை பிரித்தாலும் கணக்கு கெடும்.

இந்த எண் வயதோடும் மாறும். ஹாவொர்த் குழுவினர் 2010இல் நான்கு நாடுகளின் சுமார் 11,000 இரட்டையர் ஜோடிகளைப் பார்த்தபோது, 9 வயதில் 41 சதவீதம், 12இல் 55, 17இல் 66. வளர வளர சமூகத்தின் தாக்கம் கூடும் என்றுதான் பலரும் எதிர்பார்ப்பார்கள், நடப்பது தலைகீழ். நம்பத்தகுந்த விளக்கம் என்னவென்றால், வளரும் பிள்ளை தன் போக்குக்கு ஏற்ற புத்தகங்களையும் நட்பையும் தானே தேடிக்கொள்கிறது. அந்தச் சூழலின் பலனும் மரபின் பெயரில் வரவாகிறது. உடலியல் அணிக்கும் சமூக அணிக்கும் இந்த இடம் மிக முக்கியம்.

அதிக ஹெரிட்டபிலிட்டி என்றால் மாற்ற முடியாதது என்ற எண்ணத்தையும் உடைத்துவிடுங்கள். வசதியான நாடுகளில் உயரத்தின் ஹெரிட்டபிலிட்டி சுமார் 80 சதவீதம். ஆனால் தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம், 1896இல் பிறந்தவர்களுக்கும் 1996இல் பிறந்தவர்களுக்கும் இடையே 20 செ.மீ. கூடியிருக்கிறது. நூறு ஆண்டில் மரபணுத் தொகுதி அந்த அளவு மாறாது. மாறியது சோறும், பாலும், தொற்றுநோய்க் கட்டுப்பாடும்.

இன்னும் கூர்மையான உதாரணம் ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோய். 12ஆம் குரோமோசோமில் உள்ள ஒரே ஜீனின் இரண்டு பிரதியும் பழுதானால், ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலம் (உணவுப் புரதத்தின் ஒரு கூறு) உடையாமல் ரத்தத்தில் சேர்ந்து மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ரத்தத்தில் அதன் இயல்பான அளவு லிட்டருக்கு 120 மைக்ரோமோலுக்குள். கடுமையான நோயில் 1,200க்கு மேல். நார்வேயில் ஃபோலிங் 1934இல் இதைக் கண்டறிந்தார். 1950களில் உணவு முறை வந்தது: பால், முட்டை, மீன், இறைச்சி, பருப்பு தவிர்த்து, ஃபினைல் அலனின் இல்லாத புரத மாவு. பிறந்த சில நாளிலேயே குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து இதைத் தொடங்கிவிட்டால் குழந்தையின் அறிவு வளர்ச்சி இயல்பாக இருக்கும். குழந்தை பால் குடித்து ஒரு நாள் ஆவதற்குள் ரத்தம் எடுத்தால் அளவு ஏறியிருக்காது, நோய் தப்பிவிடும். ஃபினைல் அலனினை அடியோடு நிறுத்தினாலும் ஆபத்து, அது உடலுக்கு அவசியமானது, வளர்ச்சி நின்றுவிடும். நோய் முழுக்க மரபணு. மருந்து முழுக்கச் சூழல்.

தாழை:

அமலா, கமலாவை விட்டுவிடுங்கள். 1920இல் மேதினிப்பூர்ப் பக்கம் ஓநாய்க் குகையிலிருந்து மீட்டதாகச் சொன்னவர் அனாதை இல்லம் நடத்திய பாதிரியார் சிங். அமலா 1921இலும் கமலா 1929இலும் இறந்தார்கள். மீட்பு பற்றிய விவரம் அவருடைய குறிப்பிலிருந்தே வருகிறது. சுயேச்சையாகச் சரிபார்த்த சாட்சி கிடையாது. இருட்டில் கண்கள் ஒளிர்ந்தன என்பது போன்ற நம்ப முடியாத தகவல்களும் அதில் உண்டு. இதைவிட அடிப்படையான சிக்கல், ஒப்பிட்டுப் பார்க்க யாருமே இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே வளர்ச்சிக் குறைபாடு இருந்து, அதனால் கைவிடப்பட்டிருந்தால்? ஓநாயையும் குறை சொல்ல முடியாது, மரபணுவையும் சொல்ல முடியாது. காட்டில் வளர்ந்த பிள்ளைகள் என்ற பெயரில் வரும் எல்லாக் கதைகளிலும் இந்த ஓட்டை இருக்கிறது.

அதன் இடத்தில் புக்கரெஸ்ட் ஆய்வை வையுங்கள். ருமேனியாவில் சௌசெஸ்கு அரசு 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்தது. 1989இல் ஆட்சி கவிழ்ந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசுக் காப்பகங்களில் இருந்தார்கள். உணவும் உடையும் கிடைத்தன, ஆள் கிடைக்கவில்லை. ஒரு பணியாளருக்குப் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள், அதுவும் ஷிப்டுக்கு ஷிப்டு வேறு முகம். குழந்தை அழுதால் யாரும் வர மாட்டார்கள். கொஞ்ச நாளில் அது அழுவதையே விட்டுவிடும்.

நெல்சன், ஃபாக்ஸ், ஸீனா என்ற மூன்று ஆய்வாளர்கள் 2000களின் தொடக்கத்தில், 6 மாதம் முதல் இரண்டரை வயது வரையிலான 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 68 பேர் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களுக்கு, 68 பேர் வழக்கம்போலக் காப்பகத்தில். ஒப்பிட, சொந்த வீட்டில் வளரும் குழந்தைகள் மூன்றாவது குழு. குலுக்கல்தான் இதன் உயிர். இல்லாவிட்டால் துறுதுறுவென்று இருக்கும் குழந்தையைத்தான் குடும்பங்கள் முதலில் எடுத்துக்கொள்ளும். பிறகு வருகிற வித்தியாசம் வளர்ப்பாலா, பிறப்பாலா என்று பிரிக்க முடியாது. குலுக்கிப் போட்டதால் இரண்டு குழுவிலும் மரபணுக்கள் சராசரியில் சமம். வருகிற வித்தியாசம் வளர்ப்பால் வந்தது என்று துணிந்து சொல்லலாம்.

நாலரை வயதில் காப்பகக் குழுவின் சராசரி ஐ.க்யூ. 73, வளர்ப்புக் குடும்பக் குழு 81, சொந்த வீட்டுப் பிள்ளைகள் 109. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போனவர்களுக்குப் பலன் கூடுதல். எட்டு வயதில் எடுத்த மூளையின் மின் அலைப் பதிவிலும் (இ.இ.ஜி.) அவர்கள் சொந்த வீட்டுப் பிள்ளைகளை ஒட்டி இருந்தார்கள். ஆனால் எல்லாம் மீளவில்லை. உயரமும் எடையும் தேறின, தலைச் சுற்றளவு தேறவில்லை. கவனக்குறைவு, துறுதுறுப்புப் பிரச்சினை பெரிதாகக் குறையவில்லை. சமூக அணி இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்: மூளை எப்போதும் காத்துக்கொண்டிருக்காது, அதற்கென்று காலக்கெடு உண்டு. அந்தக் கெடுவை வைத்தது உடலியல்.

ஒரு எச்சரிக்கை. காப்பகக் குழுவில் பல குழந்தைகள் பின்னாளில் குடும்பங்களுக்குப் போனார்கள். ஆய்வுக்காக யாரையும் பிடித்து வைக்கவில்லை. ஆனாலும் கணக்கில் முதலில் விழுந்த குழுவிலேயே வைத்தார்கள். அதனால் 73க்கும் 81க்கும் உள்ள இடைவெளி உண்மையான பாதிப்பைக் குறைத்தே காட்டும்.

நடுவண்:

ஒட்டுறவு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டர்க்ஹைமர் குழு 2003இல் அமெரிக்காவின் 7 வயது இரட்டையரைப் பார்த்தபோது, வறுமைக் குடும்பங்களில் ஐ.க்யூ. வேறுபாட்டில் சுமார் 60 சதவீதம் வீட்டுச் சூழலோடு போனது, மரபின் பங்கு பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. வசதியான வீடுகளில் நேர்மாறு. தண்ணீரே பாயாத வயலில் விதை ரகத்தின் வித்தியாசம் தெரியாது என்பது போலத்தான்.

ஆனால் இதை உலக நியதியாக மேடையில் வைக்க வேண்டாம். 2016இல் டக்கர்-டிராப், பேட்ஸ் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது அமெரிக்காவில்தான் இந்தப் போக்கு தெரிந்தது. மேற்கு ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தெரியவில்லை. மருத்துவமும் பள்ளியும் எல்லோருக்கும் ஓரளவு சமமாகக் கிடைக்கிற நாடுகள் என்பதால் இருக்கலாம். மரபின் பங்கு எவ்வளவு என்ற எண்ணையே சமூக அமைப்பு மாற்றுகிறது என்ற வாதத்துக்கு இது நல்ல பிடி.

இளவேனில்:

எல்லோருக்கும் நன்றி. புக்கரெஸ்ட் பகுதியை அப்படியே சமூக அணிக்குக் கொடுக்கிறேன். ஒரு துணைக் கேள்வி: இப்போது பள்ளிகளில் கைரேகையை வைத்துக் குழந்தையின் திறமையைச் சொல்கிறோம், எச்சிலில் டி.என்.ஏ. பார்த்துச் சொல்கிறோம் என்று வருகிறார்கள். மாணவர்கள் இதை உடலியல் அணிக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறார்கள். இதில் எவ்வளவு சரக்கு இருக்கிறது?

சுருள் ஏணி:

கைரேகையில் ஒன்றும் இல்லை. கருவில் மூன்றாம் மாதம் தொடங்கி ஐந்தாம் மாதத்துக்குள் விரல் நுனியின் தோல் அடுக்குகள் மடிந்து ரேகை பதிகிறது. அதைக் கொண்டு நுண்ணறிவையோ தொழில் திறமையையோ கணிக்கலாம் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டு, ஏழு வயதுப் பிள்ளைக்கு "கணக்கு வராது" என்று சீட்டு எழுதிக் கொடுப்பது பெரிய அநியாயம். ஆனால் விவாதத்துக்கு ரேகை வேறு விதத்தில் பயன்படும். ஒரு கரு இரட்டையருக்கும் ரேகை வேறு வேறாகத்தான் இருக்கும். ஒரே மரபணு, ஒரே கருப்பை; கருவில் கிடந்த நிலையும் அழுத்தமும் கொஞ்சம் மாறினாலே போதும். பிறக்கும்போதே இருப்பதெல்லாம் மரபணு எழுதியது அல்ல.

டி.என்.ஏ. விஷயம் இன்னும் நுட்பமானது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் "மனச்சோர்வு ஜீன்", "வன்முறை ஜீன்" என்று ஒற்றை ஜீன்களைப் பிடிக்கும் ஆய்வுகள் குவிந்தன. சில நூறு பேரை வைத்து, ஏகப்பட்ட பிரிவுகளாக உடைத்துப் பார்த்தால் தற்செயலாக ஏதாவது ஒன்று அகப்படும். அது மறு ஆய்வில் நிற்காது. 2019இல் போர்டர் குழு, மனச்சோர்வுக்குப் பேர்போன 18 ஜீன்களை லட்சக்கணக்கானவர்களின் தரவில் சோதித்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஜீன்களைவிட அவை மேலாக இல்லை.

இப்போது முழு மரபணுத் தொகுதியையும் அலசுகிறார்கள். 2022இல் சுமார் 30 லட்சம் பேரை வைத்து, படித்த ஆண்டுகளோடு தொடர்புள்ள கிட்டத்தட்ட 3,950 இடங்களைக் கண்டார்கள். ஒவ்வொன்றின் தாக்கமும் துளியூண்டு. எல்லாவற்றையும் கூட்டி ஒரு மதிப்பெண் போட்டால், படிப்பு வேறுபாட்டில் 12 முதல் 16 சதவீதத்தை அது விளக்கும். உடன்பிறந்தவர்களுக்குள் ஒப்பிட்டால் இந்தத் தாக்கம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது.

ஏன் என்பதற்கு ஐஸ்லாந்தில் 2018இல் காங் குழு செய்த ஆய்வைப் பாருங்கள். ஒவ்வொரு ஜீனிலும் பெற்றோரிடம் உள்ள இரண்டு பிரதிகளில் ஒன்றுதான் பிள்ளைக்குப் போகும்; அப்படிக் கடத்தாத பிரதிகளுக்கும் பிள்ளையின் படிப்போடு தொடர்பு இருந்தது. கடத்திய பிரதிகளின் தாக்கத்தில் சுமார் 30 சதவீதம் அளவுக்கு. பிள்ளையின் உடலில் அந்த ஜீனே இல்லை. பெற்றோரின் ஜீன் பெற்றோரை மாற்றி, அவர்கள் வீட்டுச் சூழலை மாற்றி, அந்த வழியாகப் பிள்ளையை எட்டுகிறது. இதை எந்த அணிக்குக் கொடுப்பது என்று மாணவர்களையே கேளுங்கள், அருமையான விவாதம் கிளம்பும்.

இந்த மதிப்பெண்கள் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் உருவானவை. மற்ற மக்களிடம் துல்லியம் பெருமளவு சரியும். நம் ஊர்ப் பிள்ளைக்கு அதைப் போட்டு எதிர்காலம் சொல்வது தவறு.

கடலாடி:

சுயநலக் கேள்வியை யாரும் தொடவில்லை. அதற்குச் சோதனை இருக்கிறது, உங்கள் வகுப்பிலேயே நடத்தலாம்.

பெயர் அல்டிமேட்டம் விளையாட்டு. முதலாமவரிடம் ஒரு தொகை கொடுக்கிறோம். இரண்டாமவருக்கு அதில் எவ்வளவு தருவதென்று அவர் சொல்ல வேண்டும். இரண்டாமவர் ஒப்புக்கொண்டால் அப்படியே பிரியும். மறுத்தால் இருவருக்கும் ஒன்றும் இல்லை. மனிதன் சுத்த சுயநலக்காரன் என்றால், முதலாமவர் 100இல் ஒன்று கொடுப்பார், இரண்டாமவர் ஒன்றாவது கிடைத்ததே என்று வாங்கிக்கொள்வார். பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தினால் 40 முதல் 50 வரை தருகிறார்கள். 20க்குக் கீழே வந்தால் பாதிப் பேர் வரை மறுத்துவிடுகிறார்கள். தன் காசை இழந்தாவது அநியாயத்தைத் தண்டிக்கிறார்கள்.

அப்படியானால் நியாய உணர்வுதான் மனித இயல்பு என்று முடிவு கட்டத் தோன்றும். ஜோசஃப் ஹென்ரிக் 1990களின் நடுவில் பெரு நாட்டின் அமேசான் காட்டில் மச்சிகெங்கா மக்களிடம் இதை நடத்தினார். சராசரியாகக் கொடுத்தது 26 சதவீதம். மறுத்தவர் அநேகமாக யாரும் இல்லை. யார் முதலாமவர் என்பது அதிர்ஷ்டம், அதற்குக் கோபப்பட என்ன இருக்கிறது என்பது அவர்கள் பார்வை. பிறகு 15 சிறு சமூகங்களில் நடத்தி 2001இல் வெளியிட்டார்கள். இந்தோனேசியாவின் லமலேராவில் ஊரே சேர்ந்து படகில் போய்த் திமிங்கிலம் பிடித்து, இன்னாருக்கு இந்தத் துண்டு என்று கறாராகப் பங்கு போடுவார்கள். அங்கே சராசரி பாதியைத் தாண்டியது. பப்புவா நியூகினியில் அவ், ஞவ் மக்கள் பாதிக்கு மேல் கொடுத்தாலும் மறுத்தார்கள். பெரிய பரிசை வாங்கினால் பின்னாளில் பெரிய கடன் தீர்க்க வேண்டிவரும். வெளியாரோடு சந்தைப் பழக்கம் எவ்வளவு, பிழைப்புக்கு ஒத்துழைப்பு எவ்வளவு தேவை என்ற இரண்டும்தான் சமூகங்களுக்கு இடையிலான வேறுபாட்டைப் பெருமளவு விளக்கின. சுத்த சுயநலக் கணக்குப்படி நடந்த சமூகம் ஒன்றுகூட இல்லை.

உங்கள் மாணவர் சொல்வதில் சமூகத்தை வெறும் கடிவாளமாகப் பார்ப்பதுதான் பிரச்சினை. மேலே சொன்ன சமூகங்களில் அது யாரையும் அடக்கவில்லை. எது நியாயம் என்ற அளவுகோலைக் கொடுக்கிறது. அளவுகோலைக் கற்றுக்கொள்ளும் வேகமும், அதை மீறினால் வரும் ஆத்திரமும் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அதைத்தான் நான் இயல்பு என்பேன்.

மொழியிலும் இதே அமைப்புதான். வெர்க்கர், டீஸ் 1984இல் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் 'ட', 'த' ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால் பொம்மை ஒளிரும். 6 முதல் 8 மாதக் குழந்தைகள் பெரும்பாலும் கண்டுபிடித்துத் திரும்பின. 10 முதல் 12 மாதத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது கேட்கவில்லை. நம் வீட்டுக் குழந்தை அந்த வித்தியாசத்தை வாழ்நாள் முழுதும் வைத்துக்கொள்கிறது. பிறக்கும்போது இருக்கும் திறனை ஊர் செதுக்குகிறது.

வகுப்பில் நடத்துவதற்கு: பெயர் எழுதாமல் எண் மட்டும் போட்ட சீட்டுகள் கொடுங்கள். யாரோடு யார் ஜோடி என்பது தெரியவே கூடாது. தெரிந்தால் நட்புக்கும் கௌரவத்துக்கும்தான் விலை வரும். ஒரே சுற்று மட்டும் நடத்துங்கள், இரண்டாவது சுற்று வைத்தால் பழிவாங்கலும் பேரமும் நுழையும். இரண்டாமவர்களிடம் முன்கூட்டியே "எவ்வளவுக்குக் கீழே வந்தால் மறுப்பீர்கள்?" என்று எழுதி வாங்குங்கள், அப்போது மறுப்பு நிகழாத ஜோடிகளிலிருந்தும் தகவல் கிடைக்கும். விதியை "பரிசு", "தானம்", "பங்கு" போன்ற சொற்கள் இல்லாமல், "தொகையைப் பிரித்தல்" என்று வறட்டாகவே படியுங்கள். ஒரு சொல்லே விடையை இழுத்துவிடும். விளையாட்டு தொடங்கும் முன் இரண்டு மாதிரிக் கணக்கு கொடுத்து, விதி புரியாதவர்களின் சீட்டைத் தனியே வையுங்கள். வெறும் மதிப்பெண்ணைப் பணயம் வைத்தால் எல்லோரும் தாராளமாகிவிடுவார்கள். சிறு தொகையானாலும் உண்மையான காசு வையுங்கள்.